தூசியைப் பிடிக்கிறது யாரு? – சிமெண்ட் ஆலையின் புகைக்கூண்டுக்குள்ள ஒரு பயணம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு ஒரு கணக்கோட ஆரம்பிப்போம். பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

ஒரு சிமெண்ட் ஆலை, ஒரு டன் கிளிங்கர் தயாரிக்குதுன்னு வெச்சுக்கோங்க. கிளிங்கர்னா சூளையில வெந்து உருண்டை உருண்டையா வெளிய வர்ற கல். அதை ஜிப்சத்தோட சேர்த்து அரைச்சா சிமெண்ட். அந்த ஒரு டன்னுக்கு, சூளைக்கு முன்னாடி இருக்கிற பிரீஹீட்டர்ல இருந்து சுமார் 1,500 கன மீட்டர் சூடான வாயு வெளிய வரும். அதுல ஒவ்வொரு கன மீட்டரிலும் 60 கிராம் அளவுக்குத் தூசி இருக்கும். பெருக்கிப் பாருங்க: 90 கிலோ. டன்னுக்கு ஒன்றரை மூட்டைக்கு மேல தூசி.

இந்தியாவுல சிமெண்ட் சூளையோட புகைக்கூண்டுல இப்போ அனுமதி, கன மீட்டருக்கு 30 மில்லிகிராம். அதே 1,500 கன மீட்டருக்குப் பார்த்தா 45 கிராம். ரெண்டு கைப்பிடி இருக்கும்.

90 கிலோ உள்ள போய், 45 கிராம் வெளிய வரணும். ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. மீதி 99.95 சதவீதத்தை யாரு, எப்படிப் பிடிக்கிறாங்க? இதுதான் இன்னைக்கு எபிசோடு. இதுக்குள்ள இன்னொரு கேள்வியும் ஒளிஞ்சிருக்கு: கூண்டுல புகையே தெரியல, ஆனா ரோட்டோர வேப்பிலை வெள்ளையா இருக்கு. ரெண்டும் ஒரே வட்டாரத்துல எப்படி நடக்கும்?

ஏன் பந்தல்குடி?

மதுரையில இருந்து தூத்துக்குடிக்கு நாற்கரச் சாலையில போனவங்களுக்கு இந்த ஊரைத் தெரியும். அருப்புக்கோட்டை தாண்டி, எட்டயபுரத்துக்கு முன்னாடி. வானம் பார்த்த பூமி. மேல கரிசல், கீழ சுண்ணாம்புக்கல். அந்தக் கல்தான் இந்த ஊரைச் சிமெண்டோட இணைக்குது. பந்தல்குடிச் சுரங்கக் கல், விருதுநகர்–சாத்தூர் வழியில துலுக்கப்பட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல இருக்கிற ராமசாமி ராஜா நகர் ஆலைக்குப் போகுது. 1957-ல பதிவான மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியோட முதல் ஆலை அது. 1960களோட தொடக்கத்துல உற்பத்தி ஆரம்பிச்சது. 2013-ல கம்பெனி பேரு ராம்கோ சிமெண்ட்ஸ் ஆச்சு.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். இனிமே நான் போடப்போற கணக்கெல்லாம் ஒரு கற்பனை ஆலைக்கு. நாளைக்கு 3,000 டன் கிளிங்கர், ஒரே சூளை. எந்த நிஜ ஆலையோட அளவீடும் இதுல இல்ல. அந்தக் கற்பனை ஆலையில ஒரு நாளைக்கு வாயுவோட கலந்து வர்ற தூசி 270 டன். பத்து டன் லாரியில 27 லோடு. அதுல 135 கிலோதான் வெளிய போகலாம்.

சல்லடை போட்டா ஆகாதா?

ஆகாது. நம்ம தலைமுடியோட தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. மாவா அரைச்ச சுண்ணாம்புக்கல் தூசியில ஒண்ணு, ரெண்டு மைக்ரான் துகள்களும் நிறைய இருக்கும். அவ்வளவு சின்ன ஓட்டையோட ஒரு சல்லடை செஞ்சு, அதுக்குள்ள 300 டிகிரிக்கு மேல சூடான வாயுவை நிமிஷத்துக்கு மூவாயிரம் கன மீட்டர் தள்ளணும்னா, சல்லடை அடைச்சுக்கும், இல்லைன்னா கிழிஞ்சுடும்.

அதனால முதல் வேலை, பெரிய துகளையும் சின்னத் துகளையும் பிரிக்கிறது. நம்ம ஊர்க் களத்துல கம்பு, சோளம் தூற்றுறதைப் பார்த்திருப்பீங்க. கனமான மணி காலடியிலேயே விழும், உமி தள்ளிப் போகும். அதே தத்துவத்தை ஒரு கூம்புக்குள்ள சுழல விட்டா அதுதான் சைக்ளோன். வாயு பக்கவாட்டுல வேகமா நுழைஞ்சு சுத்தும். கனமான துகள் சுவர்ல மோதி கீழ வழுக்கும். சுத்தமான காற்று நடுவுல மேல போகும். அசையுற பாகம் ஒண்ணுமே கிடையாது. ரைஸ் மில், பருப்பு மில் கூரை மேல புனல் மாதிரி நிக்குமே, அது இதுதான்.

சிமெண்ட் ஆலையில உயரமா நிக்கிற அந்தக் கோபுரமும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கின சைக்ளோன்கள்தான். நாலுல இருந்து ஆறு அடுக்கு. மேல இருந்து கல் மாவு இறங்கும், கீழ இருந்து சூடான வாயு ஏறும். நான் முதல்ல சொன்ன 90 கிலோ, இந்தக் கோபுரத்தையும் தாண்டித் தப்பிச்ச தூசி. ஏன் தப்பிக்குதுன்னா, அஞ்சு மைக்ரானுக்குக் கீழ போகப்போக துகளுக்கு எடையே இல்லாத மாதிரி. காற்று வளைஞ்சா அதுவும் வளையும். உமியைவிடப் பொல்லாத உமி.

ஆரஞ்சுத் தோட்டத்துல இருந்து வந்த தீர்வு

இந்தச் சின்னத் துகளைப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடிச்சவர் ஃபிரெடரிக் காட்ரெல். கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர். 1908-ல காப்புரிமை வாங்கினார். அந்த நேரத்துல ரிவர்சைடுங்கற ஊர்ல ஆரஞ்சு விவசாயிகள் சிமெண்ட் ஆலை மேல கோபத்துல இருந்தாங்க. இலை மேல தூசி படிஞ்சு மரம் கெடுதுன்னு வழக்கு. 1910களோட தொடக்கத்துல காட்ரெலோட முறையை அந்த ஆலையில பொருத்தினாங்க. அப்புறம் முதல் உலகப்போர்ல ஜெர்மனியோட பொட்டாஷ் உரம் வராம போனப்போ, பிடிச்ச தூசியில இருந்தே பொட்டாஷ் எடுத்து விற்றாங்க. தொல்லைன்னு நினைச்சது சரக்காச்சு.

முறை எளிமையானது. தலை வாரின சீப்பு காகிதத் துண்டை இழுக்கும் இல்லையா? அதேதான், ஆனா பல பத்தாயிரம் வோல்ட்டுல. பெரிய பெட்டிக்குள்ள வரிசையா இரும்புத் தகடுகள், நடுநடுவுல கம்பிகள். கம்பியில உயர் அழுத்த மின்சாரம். பக்கத்துல போற தூசிக்கு மின்னேற்றம் கிடைக்கும், அது தகட்டுல போய் ஒட்டும். அப்பப்போ சுத்தியல் தட்டும், தூசி கீழ ஹாப்பர்ல விழும். ஆலைக்காரங்க இதை ஈஎஸ்பின்னு சொல்வாங்க.

1922-ல டாய்ட்ச்னு ஒருத்தர் இதுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். நம்ம ஐடி மக்களுக்கு உடனே புரியும். ஒரு அறை 90 சதவீதம் பிடிச்சா, அடுத்த அறை மிச்சம் இருக்கிறதுல 90 சதவீதம் பிடிக்கும். 90, 99, 99.9. சர்வர் அப்டைம்ல ஒவ்வொரு 9 சேர்க்கவும் புதுசா ஒரு செலவு வருமே, அதே கதை. ஒவ்வொரு 9-க்கும் இன்னொரு அறை கட்டணும்.

வறண்ட பூமியில ரெண்டு சிக்கல்

முதல் சிக்கல் தண்ணி. சுண்ணாம்புத் தூசி நல்லாக் காய்ஞ்சு, 200 டிகிரிக்குப் பக்கத்துல இருந்தா, மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. தகட்டுல ஒட்டின தூசி தன் மின்னேற்றத்தை விடாம வெச்சுக்கும். படலம் தடிமனாக ஆக, அதுக்குள்ளேயே தீப்பொறி கிளம்பி, பிடிச்ச தூசியைத் திரும்பக் காற்றுல தள்ளும். அதுக்கு மருந்து, வாயுவுல தண்ணி தெளிச்சுக் குளிர்விச்சு ஈரப்படுத்துறது.

எவ்வளவு தண்ணி? கல் அரைக்கிற மில் ஓடும்போது அந்தச் சூடு கல்லைக் காய வைக்கவே போயிடும், தண்ணி அதிகம் தேவைப்படாது. மில் நின்னு சூளை மட்டும் ஓடும்போதுதான் பிரச்சனை. 330 டிகிரியை 150-க்குக் கொண்டு வர, நான் தோராயமாப் போட்ட கணக்குல டன்னுக்கு 140 லிட்டர் வருது. நம்ம கற்பனை ஆலைக்கு மணிக்குப் பதினேழாயிரம் லிட்டருக்கு மேல. 12,000 லிட்டர் டேங்கர்ல ஒன்றரை லோடு, ஒரு மணி நேரத்துக்கு. தண்ணி லாரிக்குக் குடத்தோட காத்திருந்து பழகின வட்டாரத்துல இந்த எண்ணுக்கு அர்த்தம் வேற. தூசியைப் பிடிக்கத் தண்ணி, தண்ணி இல்லைன்னா தூசி.

ரெண்டாவது சிக்கல் இன்னும் பெருசு. சூளையில நிலக்கரி சரியா எரியலைன்னா கார்பன் மோனாக்சைடு உருவாகும். காற்றுல 12.5 சதவீதத்துக்கு மேல சேர்ந்தா அது வெடிக்கிற வாயு. ஈஎஸ்பி என்ன பண்ணுது? உள்ள தீப்பொறி விட்டுக்கிட்டே இருக்கு! அதனால கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் ஏறினாலே, அந்த எல்லைக்கு ரொம்பக் கீழேயே, பாதுகாப்புக்காக ஈஎஸ்பி மின்சாரம் தானா அணைஞ்சுடும். இல்லைன்னா உள்ள இருக்கிறவங்க உயிருக்கு ஆபத்து. அணையுறது சரியான முடிவுதான். ஆனா வாயு நிக்காதே. பிடிக்க ஆள் இல்லாமத் தூசி நேரா கூண்டுக்குப் போகும்.

இப்போ கணக்கு. நம்ம ஆலையில நிமிஷத்துக்கு வர்ற தூசி 188 கிலோ. ஒரு நாள் முழுக்க வெளிய விட அனுமதி உள்ளது 135 கிலோ. அதாவது ஈஎஸ்பி ஒரே ஒரு நிமிஷம் அணைஞ்சா, ஒரு நாளைக்கு மேலான தூசி போயிடும். பாதித் தூசி பெட்டிக்குள்ளேயே தன் எடையில விழுந்துருச்சுன்னு தாராளமா விட்டுக் கொடுத்தாலும் 94 கிலோ.

சர்வர் பாத்துக்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். சிஸ்டம் எப்படி ஓடுதுங்கறதைவிட, விழும்போது எப்படி விழுதுங்கறதுதான் முக்கியம்.

துணிப்பை வந்த கதை

இதுக்குப் பதில் பேக் ஹவுஸ். ஒரு பெரிய கட்டடத்துக்குள்ள ஆயிரக்கணக்கான துணிக்குழாய்கள் தொங்கும். ஒவ்வொண்ணும் ஆறு மீட்டர், சில இடத்துல அதுக்கும் மேல நீளம். வாயு வெளிப்பக்கத்துல இருந்து துணிக்குள்ள புகுந்து மேல போகும். தூசி துணியோட வெளிப்பக்கம் நிக்கும். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல இருந்து அழுத்தக் காற்று 'டப்'புனு ஒரு அடி. துணி உதறும், தூசி கொட்டும். வாசல்ல மிதியடியை உதறுற மாதிரி.

ஆனா முதல்ல சொன்னேனே, ஒரு மைக்ரானுக்குச் சல்லடை செய்ய முடியாதுன்னு? சாதாரணத் துணியோட இடைவெளி அதைவிடப் பெருசுதான். அப்புறம் எப்படிப் பிடிக்குது? எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். சாதாரண நெய்த துணியில பிடிக்கிற வேலையைப் பெரும்பாலும் செய்யறது, துணி மேல ஏற்கெனவே படிஞ்ச தூசி!

ஃபில்டர் காபி போடும்போது கவனிச்சிருக்கீங்களா? ஓட்டை அவ்வளவு சின்னது இல்ல. ஆனா அழுத்தி வெச்ச காபித்தூளே ஒரு வடிகட்டியா மாறி, டிகாஷன் தெளிவா இறங்கும். புதுத் துணிப்பையும் அப்படித்தான். முதல் நாள் அது சுமார்தான். மேல ஒரு தூசிப் படலம் உட்கார்ந்த பிறகுதான் திறமை வரும். ரொம்ப உதறிச் சுத்தமாக்கினா திறமை குறையும். உதறாமலே விட்டா காற்று போகாது, ஃபேனுக்குக் கரண்ட் செலவு ஏறும். இந்த ரெண்டுக்கும் நடுவுல பிடிக்கிறதுதான் ஆப்பரேட்டரோட கை. இந்தப் படலத்தை நம்பியே இருக்க வேண்டாம்னு, இப்போ துணி மேல டெஃப்லான் வகைப் பொருள்ல மெல்லிய சவ்வு ஒட்டியும் பண்றாங்க.

இதுல இன்னொரு வேடிக்கை. எந்தத் துகளைப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்? மிகச் சின்னதுன்னு தோணும். கிடையாது. 0.3 மைக்ரான் சுத்துவட்டாரம்தான் கஷ்டம். அதைவிடப் பெருசு நேரா போய் நூல்ல மோதிடும். அதைவிட ரொம்பச் சின்னது, காற்று மூலக்கூறுகள் இடிச்சு இடிச்சு, தள்ளாடிப் போய் நூல்ல ஒட்டிடும். ரெண்டிலும் சேராத நடுவுல இருக்கிறதுதான் நழுவும்.

நம்ம ரெண்டு சிக்கலுக்கு வருவோம். துணிக்கு மின்னேற்றம் தேவையில்ல, அதனால தூசி ஈரமா, காய்ஞ்சதான்னு அது பெருசாக் கவலைப்படாது. கண்ணாடி இழைத் துணி 260 டிகிரி வரைக்கும் தாங்கும், அதனால தண்ணியும் ஏறக்குறைய பாதி போதும். சில ஆலையில அந்தச் சூட்டை பாய்லர்ல கொடுத்து மின்சாரம் எடுக்கறாங்க, அப்போ தண்ணி இன்னும் குறையும். முக்கியமா, தீப்பொறி இல்ல. கார்பன் மோனாக்சைடு ஏறினா பிடிக்கிறதை நிறுத்த வேண்டியதில்ல. இதனாலதான் பழைய ஈஎஸ்பி பெட்டியோட உள்பாகத்தை எடுத்துட்டு அதுக்குள்ளேயே பைகளைத் தொங்க விடறது பல ஆலைகள்ல நடந்திருக்கு.

பைக்கும் பலவீனம் உண்டு. சூடு எகிறினா கருகும். குளிர்ந்து ஈரம் கோத்தா தூசி களியா அப்பிக்கும். ஒரு பை கிழிஞ்சா அந்த ஓட்டை வழியா, வழி கிடைச்ச சந்தோஷத்துல வாயு பாயும். சில வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிரக்கணக்கான பைகளை மாத்தணும். ஆனா இது விழுற விதம் வேற. மொத்தமும் ஒரே நொடியில அணையாது. ஒரு பையா, ரெண்டு பையாக் கிழியும். கவனிச்சு மாத்த நேரம் இருக்கும்.

சராசரிங்கற திரைச்சீலை

1986-ல வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளோட பட்டியல்ல, பெரிய சிமெண்ட் ஆலைக்கு வரம்பு 250 மில்லிகிராமா இருந்துச்சு. 2014 ஆகஸ்ட் அறிவிக்கைக்கு அப்புறம் 30-க்கு வந்துச்சு. எட்டுல ஒரு பங்கு. பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்ல. அதே 2014-ல மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், சிமெண்ட் உட்பட 17 வகைத் தொழில்கள் புகைக்கூண்டுல தொடர்ந்து அளக்கிற கருவி வைக்கணும்னு சொல்லிச்சு.

ஆனா எண்ணைப் படிக்கத் தெரியணும். நம்ம கற்பனை ஆலையில ஈஎஸ்பி நல்லா ஓடுது, வெறும் 10 மில்லிகிராம்தான். ஒரு நாள் அரை நிமிஷம் அணையுது. பாதித் தூசி பெட்டியிலேயே விழுந்துருச்சு. அந்த நாளோட சராசரி எவ்வளவு வரும்? சுமார் 20. வரம்பு 30. அட்டவணையில அது நல்ல நாள். ஆனா அந்த அரை நிமிஷத்துல போனது 47 கிலோ, மீதி நாள் முழுக்கப் போன 45 கிலோவைவிட அதிகம். யாரும் பொய் சொல்லல. சராசரி அந்த அரை நிமிஷத்தை விழுங்கிடுச்சு, அவ்வளவுதான். நாம லேட்டன்சியில சராசரியை நம்பாம மோசமான ஒரு சதவீதத்தைப் பார்க்கறோமே, காரணம் இதுதான்.

அப்போ வேப்பிலை ஏன் வெளுத்துச்சு?

இப்போ முதல்ல கேட்ட கேள்வி. 50 மைக்ரான் கல் தூசி, அசையாத காற்றுல நொடிக்கு 20 சென்டிமீட்டர் இறங்கும். டிப்பர் உயரத்துல இருந்து பத்து நொடியில தரைக்கு வந்துடும். அதே கணக்குல 10 மைக்ரான் துகள், 100 மீட்டர் கூண்டுல இருந்து இறங்க மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒரு மைக்ரானுக்கு ரெண்டு வாரம்.

அப்படின்னா ரோட்டோர இலை மேல வெள்ளையாத் தெரியுறது பெரும்பாலும் பக்கத்துல கிளம்பின தூசி. மண் பாதையில ஓடுற டிப்பர், கிரஷர், மூடாத கன்வேயர், கல் கொட்டுற இடம். அதுக்குக் கூண்டும் இல்ல, பையும் இல்ல, 30 மில்லிகிராம் கணக்கும் பொருந்தாது. உலகத்துலேயே சிறந்த வடிகட்டியும், தனக்குள்ள வந்த தூசியைத்தான் பிடிக்கும். இந்தத் தூசிக்கு வைத்தியம் சாதாரணமானது: கிரஷர் மேல உறிஞ்சுற மூடி, லோடு மேல தார்ப்பாய், பாதைக்குத் தார், டயர் கழுவுற இடம், தண்ணி தெளிப்பு. திரும்பவும் தண்ணி!

கூண்டுல இருந்து தப்பினது எங்க? கண்ணுக்குத் தெரியாம, பல கிலோமீட்டர் தள்ளி, யாரோ ஒருத்தரோட மூச்சுல. பார்க்கிற தூசி வேற, நுரையீரலோட அடி ஆழத்துக்குப் போற தூசி வேற. ரெண்டுக்கும் தனித்தனியாப் பதில் கேட்கணும்.

எப்படிக் கேட்கிறது? புதுச் சுரங்கமோ, ஆலை விரிவாக்கமோ பெருசா வந்தா, பொதுவா 2006 அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தணும். 30 நாள் முன்னாடி நாளிதழ்ல விளம்பரம் வரும். அதுக்குப் போறவங்க கையில மூணு கேள்வி இருந்தாப் போதும். ஈஎஸ்பியா, பையா? போன வருஷம் எத்தனை தடவை, மொத்தம் எத்தனை நிமிஷம் வடிகட்டி இல்லாம ஓடுச்சு? கூண்டுக்குள்ள வராத தூசிக்கு என்ன ஏற்பாடு, அதுக்குத் தண்ணி எங்க இருந்து?

"எங்க சராசரி 30-க்குக் கீழ"ங்கற பதில், இந்த மூணுல ஒண்ணுக்குக்கூடப் பதில் இல்ல. அதைத் திரும்பக் கேட்க இன்ஜினியரிங் டிகிரி தேவையில்ல. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.